குடவோலையும் வீட்டு வலையும்



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூரை அடைவதற்குச் சற்று முன்னர், திருப்புலிவனம் என்னும் சிற்றூர் உள்ளது. புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்று புராணம் கூறும். வியாக்கிரபுரீசுவரர் கோயிலும் சுற்றிலும் நெல்வயல்களும் உடைய ஊர். என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊராதலின் ஆண்டுக்கு இருமுறையேனும் நான் அங்குச் செல்வது வழக்கம். இன்று உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி அவ்வீட்டில்தான் தொடங்குகின்றது.

2021ஆம் ஆண்டு ஆடி மாதம். கொரோனாத் தொற்றினால் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடிக் கிடந்தன. பாடம் வீட்டைத் தேடி வந்துவிட்டது. தமக்கை ஒரு பள்ளியில் ஆசிரியை. திண்ணையை அடுத்த முன்னறையில் அமர்ந்து மடிக்கணினி வழியாகப் பாடம் நடத்துவார். அவர் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். கூடத்திலிருந்த பழைய மேசைக்கணினியில் பாடம் கேட்பான். மூத்தவள் கல்லூரி மாணவி. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், மேல்நிலைப் பள்ளியில் கிடைத்த கணினி அவளுக்கு இருந்தது. முன்னறையும் கூடமும் பிறர் வசமாகிவிட்டமையால், சமையலறைக்கும் அப்பால், கொல்லையை ஒட்டி நெல்மூட்டை அடுக்கும் அறையே அவளுடைய வகுப்பறையாயிற்று. இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர், கம்பி வீட்டுக்குள் நுழைந்த இடமாகிய வாசற்சுவரிலேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

நான் சென்ற அன்று வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூத்தவள் தன் கணினியில் வகுப்பைத் திறந்தவுடன் மற்ற இரண்டு கணினிகளும் தடுமாறுகின்றன என்பது தம்பியின் முறையீடு. தாயும் அதனை ஆமோதித்தார்.

“மாமா, நான் இணைத்தால் எல்லாருக்கும் நின்றுவிடுகிறதாம். தம்பி வகுப்பு முடியும் வரை என் கணினியை மூடி வைக்கச் சொல்கிறார்கள்” என்றாள் அப்பெண்.

அவளுக்குப் பருவத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தபடியே விடை எழுதி, தாள்களைப் படமெடுத்து, குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய தேர்வு. அனுப்பத் தவறினால் எழுதியும் எழுதாதவளாவாள்.

நேயர்களே, தம்பி சொன்னது பொய்யன்று. அவள் இணைத்தபோது மற்றவர்களுக்கு வேகம் குறைந்தது மெய்தான். ஆயினும் குற்றம் அவளுடையதன்று. இஃது எவ்வாறு என்பதை அறிய, கம்பியில்லா வலை எவ்விதம் நடைபெறுகின்றது என்பதை நாம் காண வேண்டும்.

வாசற்சுவரில் தொங்கிய பெட்டியை வீட்டார் ‘மோடம்’ என்றனர்; ரௌட்டர் என்பதே அதற்குரிய பெயர். அதன் பணி இரண்டு. வெளியுலகிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பல கணினிகளுக்கும் பங்கிட்டுத் தருவது ஒன்று. இதற்காக அது ஒவ்வொரு கணினிக்கும் வீட்டளவில் ஓர் எண்முகவரியை வழங்குகின்றது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் அது. உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம், கேடில்லை. எல்லாத் தெருவிலும் முதல் வீடு ஒன்றாம் எண்ணாக இருப்பதில்லையா? வெளியுலகுக்கு இவ்வெண்கள் தெரிவதில்லை. எந்த மறுமொழி எந்தக் கணினிக்கு உரியது என்பதைப் பெட்டி குறித்து வைத்துக்கொண்டு பிரித்துத் தரும்.

இரண்டாவது பணி, இச்செய்திகளை வானொலி அலைகளாக மாற்றி வீட்டுக்குள் பரப்புவது. நீங்கள் இப்பேச்சைக் கேட்பதற்கு உதவும் அலைகளும் அவையும் ஒரே குலத்தவை, அளவில்தான் வேறுபாடு. மத்திய அலை வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். வீட்டு வலைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 12.5 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண் கூட இல்லை. இத்தகைய குற்றலைகளை நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1895லேயே கல்கத்தா நகர மண்டபத்தில் ஏவி, சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற காலம் ஒன்றுண்டு. உங்கள் பாட்டனாரைக் கேட்டுப் பாருங்கள். அலை பரப்புவதற்கோ இன்னும் கடுமையான விதிகள். ஆனால் 2005 ஜனவரியில் இந்திய அரசு, குறைந்த ஆற்றலுடைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று விதி வகுத்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பெரும் பரப்பு அவ்வாறே திறந்துவிடப்பட்டது. ஊர்ப்பொதுவான மேய்ச்சல் நிலம் போல இப்பகுதி எவருக்கும் தனியுரிமை இல்லாதது. பொது நிலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? இங்குதான் சுவையான பகுதி தொடங்குகின்றது.

ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். இரண்டு பேசினால் இரண்டின் சொல்லும் குழம்பிவிடும். முறை வகுத்துக் கொடுக்கத் தலைவர் ஒருவரும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் 1971ஆம் ஆண்டு இச்சிக்கல் முதன்முதலில் பெரிய அளவில் எழுந்தது. தீவுதோறும் இருந்த கணினி நிலையங்களை வானொலியால் இணைத்த நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் கண்ட வழி மிக எளியது: செய்தி மோதிக் கெட்டால், ஒவ்வொருவரும் தற்செயலாக அமையும் ஒரு காலம் காத்திருந்து மீண்டும் அனுப்புக என்பதே அது. 1997இல் வகுக்கப்பட்ட வைஃபை விதிமுறை அதனைச் செம்மைப்படுத்தியது.

அதன்படி, பேச விரும்பும் கணினி முதலில் செவிமடுக்கும். வேறெவரும் பேசவில்லையெனில், 0 முதல் 15 வரை உள்ள எண்களில் ஒன்றைச் சீட்டுப் போல எடுத்துக்கொள்ளும். பிறகு அவ்வெண்ணைக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்கும். ஓர் எண்ணுக்குரிய நேரம் நொடியின் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு. முதலில் பூச்சியத்தை அடைந்தவர் பேசலாம். மற்றவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் முடித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். காத்திருந்த காலம் வீண்போவதில்லை. இருவர் ஒரே எண்ணை எடுத்து மோதிக்கொண்டால், அடுத்த முறை 0 முதல் 31 வரை, அதற்கடுத்து 63 வரை என்று சீட்டுகளின் தொகை பெருகும். கூட்டம் மிகுந்தால் பொறுமையும் மிகவேண்டும் என்பது விதி!

திருப்புலிவனத்தாருக்கு இம்முறையை விளக்குவது எளிது. பக்கத்திலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை உள்ளன. ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வல்லவன் முந்திக்கொள்ளாதபடி தற்செயலையே நடுவராக வைத்த அதே கருத்து, இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் நொடிதோறும் ஆயிரக்கணக்கான முறை நடைபெறுகின்றது. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கு ஒரு குடம். இங்கு ஒவ்வொரு கருவியும் தன் குடத்தைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. அக்குடத்துள் எல்லாருடைய பெயரும் இருந்ததில்லை என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும், வயது வரம்பும் தகுதிகளாக விதிக்கப்பட்டிருந்தன. ஊரில் உழுதவர் பலருக்கு அதில் ஓலை இல்லை.

இனி நம் வழக்குக்கு வருவோம். சீட்டு முறை எல்லாருக்கும் சமமான வாய்ப்புத் தருகின்றது. ஆனால் சமமான வாய்ப்பு வேறு, சமமான நேரம் வேறு. அருகில் இருக்கும் கணினிக்குப் பெட்டி விரைந்து பேசும். சுவர்களைக் கடந்து நலிந்த அலையைப் பெறும் கணினியிடம், காது மந்தமானவரிடம் நாம் நிறுத்தி நிறுத்திப் பேசுவது போல, மெதுவாகவே பேசும். விரைந்து பேசினால் பிழை மலியும். முன்னறைக் கணினியும் கூடத்துக் கணினியும் நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் பேச, நெல்லறைக் கணினி 6 மெகாபிட் வேகத்தில் பேசுவதாகக் கொள்வோம். முன்னவை ஒரு செய்திப் பொட்டலத்தை அனுப்ப ஒரு பங்கு நேரம் ஆகுமெனில், பின்னதற்கு ஒன்பது பங்கு ஆகும். மூவரும் ஒருமுறை பேசி முடிக்க, முன்பு மூன்று பங்கு போதுமாக இருந்தது; இப்பொழுது பதினொரு பங்கு வேண்டும். ஆக, அருகிலிருப்பவர்களின் வேகமும் ஏறத்தாழக் கால்பங்காகக் குறைந்துவிடுகின்றது. இந்த விந்தையை 2003இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டனர். பிற்காலத்துப் பெட்டிகளிற் சில நேரத்தையே பங்கிடக் கற்றுக்கொண்டன. அவ்வீட்டுப் பெட்டி அவ்வகையைச் சேர்ந்ததன்று.

ஆகவே அப்பெண் மிகுதியாக எடுத்துக்கொண்டாள் என்று கருதியது பிழை. அவளுக்குக் கிடைத்ததும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே சிறுபங்குதான். அவளைத் தொலைவில் உட்கார வைத்ததன் விலையை வீடே செலுத்திக்கொண்டிருந்தது.

அவள் கணினியை மூடுவதால் வழக்குத் தீராது. பெட்டியை நகர்த்த வேண்டும் என்றேன். “கம்பி வாசலில்தானே வருகிறது?” என்றார் தமக்கையின் கணவர். உண்மைதான். ஆனால் வெளிக்கம்பி முடியும் இடமும் அலை பரப்பும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடையில் ‘லேன் கேபிள்’ என்று கேட்டால் கிடைக்கும் ஈதர்நெட் கம்பி நூறு மீட்டர் வரை செய்தியைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். இருபத்தைந்து மீட்டர் கம்பி வாங்கி, உத்திரத்தை ஒட்டி ஓட்டி, வெளிக்கம்பிப் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, அலை பரப்பும் ரௌட்டர் ஒன்றைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவேயுள்ள நிலைப்படிக்கு மேல் பொருத்தினோம். அந்த ரௌட்டருக்குப் புதிதாகச் சிறிது செலவாயிற்று. கூடத்து மேசைக்கணினிக்கு அதிலிருந்தே நேராக ஒரு கம்பி கொடுத்தோம். நகராத கணினிக்கு அலை எதற்கு? கம்பியில் போகக்கூடியது கம்பியிலேயே போனால், அலைவெளியில் சீட்டுப் போடுவோர் ஒருவர் குறைவர். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இடம் தேர்வதில் சில நுட்பங்கள் உண்டு. அவ்வீட்டுப் பழஞ்சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒன்றரை அடி கனத்தில் எழுந்தவை. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அலையை இன்னும் மிகுதியாக விழுங்கும். நீர் இவ்வலைகளுக்குப் பகை. நீர்த்தொட்டிக்குப் பின்னால் பெட்டியை வைத்தல் ஆகாது. எஃகு பீரோவும் அப்படியே. அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நெல்லறையில் அடுக்கிய மூட்டைகளையும் கணினிக்கும் கதவுக்கும் குறுக்கே நில்லாதபடி ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆனால் கனத்த சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே வல்லது. அப்பெண்ணின் கணினி 2.4ஐ மட்டுமே அறியும். தமக்கையின் கணினியை 5க்கு மாற்றினோம். அலைவெளி அவளுக்கு ஏறத்தாழத் தனிவழியாயிற்று. 2.4 பகுதியிலும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவன. 1, 6, 11 என்னும் மூன்றே ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும். அண்டை வீட்டார் எத்தடத்தில் இருக்கின்றனர் என்று கைப்பேசியிற் பார்த்து, அவரிடமிருந்து விலகிய தடத்தைத் தேர்தல் நலம்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் சொல் ஒன்று, வலையில் சேரும் சொல் மற்றொன்று; முன்னதை மாற்றாமல் விடுவோரே பெரும்பாலோர். பூட்டு முறையில் வெப் என்னும் பழையது 2001லேயே உடைக்கப்பட்டது. 2004இல் வந்த டபிள்யூபிஏ-2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ-3 ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்க. சொல் நீளமாக இருக்கட்டும். வண்டி எண்ணும் பிறந்த நாளும் வேண்டா.

இவ்வளவும் முடிந்தபின் தமக்கையின் கணவருக்கு ஆசை பிறந்தது. “வயலில் மோட்டார் கொட்டகை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கும் எட்டுமா?” என்று கேட்டார். வீட்டுப் பெட்டிக்கு எட்டாது என்றேன். ஆயினும் தேனி மாவட்டத்துக் கதையை அவருக்குச் சொன்னேன்.

தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புறச் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்து, தேனியிலுள்ள மருத்துவரைத் திரையில் கண்டு பேச வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள், இதே வைஃபைக் கருவிகளைக் கொண்டு, உயரமான கம்பங்களில் குறிபார்த்து நிறுத்திய அலைவாங்கிகளால், 2006ஆம் ஆண்டளவில் ஐந்து மையங்களை மருத்துவமனையுடன் இணைத்துக் காட்டினர். இம்முயற்சியில் அவர்கள் கண்ட முதல் இடர் நம் சீட்டு முறைதான். ஒரு பொட்டலம் சேர்ந்தவுடன் ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி உடனே வரவேண்டும் என்பது வைஃபை விதி. அலை, நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டரே செல்லும். பதினைந்து கிலோமீட்டர் போய்வர அத்தகைய நூறு பங்கு ஆகின்றது. மறுமொழி வந்து சேர்வதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து மீண்டும் அனுப்பிவிடுவார். மறுமுனையில் இருப்பவர் பேசுவது காதில் விழாமையால் செவிமடுத்தலும் பயனில்லை. ஆகவே சீட்டைக் கைவிட்டு, இவ்வளவு நேரம் உனக்கு, இவ்வளவு நேரம் எனக்கு என்று முறைவைத்துப் பேச ஏற்பாடு செய்தனர். ஏரி நீரை நாழிகைக் கணக்கில் முறை வைத்துப் பாய்ச்சுவோருக்கு இது புதிதன்று.

அவர்கள் கண்ட இரண்டாவது இடர் அலையைப் பற்றியதே அன்று. கருவிகள் பழுதானமைக்குப் பெருங்காரணம் மின்சாரமாக இருந்தது. அழுத்தம் ஏறியும் இறங்கியும் வரும் மின்சாரம் கருவிகளைக் கெடுத்தது. திடீரென நின்று வந்ததால் அவை மயங்கி நின்றன. தொலைவிலிருக்கும் வல்லுநர் வரும்வரை காத்திராமல், உள்ளூர்ப் பணியாளரே பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட பின்னரே வலை நிலைபெற்றது என்று 2008இல் அவர்கள் எழுதினர்.

இதனைக் கேட்டதும் தமக்கையின் கணவர் மோட்டார் கொட்டகையை மறந்துவிட்டார். வாசற்பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சிறிய மின்கலப் பெட்டிகளை மறுநாளே உத்திரமேரூரிலிருந்து வாங்கி வந்தார். மின்சாரம் நின்றாலும் இரண்டு மூன்று மணி நேரம் அவை தாங்கும். ஐப்பசி இடிமழையில் பெட்டிகளின் செருகியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பதையும், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வகையையும், தடத்தை மாற்றும் வகையையும் மூத்தவளுக்கே சொல்லிக்கொடுத்தேன். தம்பிக்குச் சிறிது மனத்தாங்கல். அவன்தானே வீட்டில் கணினி அறிந்தவன் என்று பெயர் பெற்றவன்!

அவளுடைய தேர்வு நாளன்று நான் சென்னையில் இருந்தேன். மாலையில் தொலைபேசியில் அழைத்தாள். பதினோரு மணிக்கு மின்சாரம் நின்றுவிட்டதாம்; கூடத்துப் பழைய கணினி அணைந்து, தம்பி திண்ணைக்குப் போய்விட்டானாம். அவள் கணினியும் பெட்டிகளும் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்க, பன்னிரண்டு தாள்களையும் கெடுவுக்கு இருபது நிமிடம் முன்னதாக அனுப்பிவிட்டாளாம்.

“அம்மா அப்போது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்களா?” என்று கேட்டேன்.

“எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், மாமா. நான் அனுப்பியதே அவர்களுக்குத் தெரியவில்லை” என்றாள்.